எளிமையும் விழிப்பும்

சிக்கனம் என்றால் என்னவென்று இந்நாட்டு மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்களை நாட்கணக்கில் வரிசையில் நிற்க வைத்த 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதனைக் கற்பித்துச் சென்றுவிட்டது. எனினும், வேறு வழியின்றிக் குறைத்துக்கொள்வதும் விரும்பிக் குறைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. கிறிஸ்தவம் எளிய வாழ்வு என்று கூறுவது இரண்டாவதையே ஆகும். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாவிடின், எளிமை பற்றிய போதனை ஏழையின் பட்டினியை நியாயப்படுத்தும் கருவியாகிவிடும்.

இப்போதனையின் வேரை விவிலியத்தில் கூறப்படும் மன்னாவின் வரலாற்றிலேயே காண்கிறோம். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த அவ்வுணவை அவரவர் அன்றைய தேவைக்கு மாத்திரமே சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. ஓய்வுநாளுக்காக முன்தினம் சேர்த்ததைத் தவிர, மறுநாளுக்கென வைத்திருந்தது புழுத்துப்போயிற்று. அல்குர்ஆனும் 'மன்னு, ஸல்வா' பற்றிக் கூறுவதை எமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். இயேசு கற்பித்த செபத்திலும் ஆண்டுக்கணக்கான செல்வம் கேட்கப்படவில்லை; அன்றைய உணவே கேட்கப்படுகிறது. அதுவும் 'எனக்கு' என்றல்ல, 'எங்களுக்கு' என்றே கேட்கப்படுகிறது. அச்சொல்லில் அயலவரின் பசியும் அடங்கிவிடுகிறது.

தவக்காலத்தின் நோக்கமும் இதுவேயாகும். திருநீற்றுப் புதனன்று தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை, இடையிலுள்ள ஞாயிறுகள் நீங்கலாக 40 நாட்கள் நீடிக்கும் இக்காலத்தில் செபம், நோன்பு, தர்மம் ஆகிய மூன்றையும் திருச்சபை ஒருங்கே வலியுறுத்துகின்றது. ஒருவேளை உணவைக் குறைத்ததால் மிஞ்சிய பணம் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுமாயின் அது சேமிப்பேயன்றி நோன்பாகாது. வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கிவிட்டு, அதனிலும் விலைகூடிய இறாலும் நண்டும் வாங்கிச் சமைப்பவர் ஒழுங்குவிதியைக் கடைப்பிடித்தவராகலாம். அதன் நோக்கத்தைக் கடைப்பிடித்தவராக மாட்டார். ரமழான் நோன்போடு ஈகையையும், விரதத்தோடு அன்னதானத்தையும் இணைத்துப் பார்க்கும் எமது மக்களுக்கு இது அந்நியமான கருத்தன்று.

எளிமைக்குத் துணைநிற்பது விழிப்பு. பிரான்சைச் சேர்ந்த சகோதரர் லோரன்ஸின் வாழ்வு இதற்குத் தக்க உதாரணமாகும். 1614ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், போர்வீரராக இருந்து காயமுற்றபின் பாரிஸிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது இயல்பாகவே அவர் விரும்பாத சமையலறைப் பணி. பிற்காலத்தில் அவர் பாதணி திருத்தும் வேலையும் செய்தார். செபநேரம் வேறு, வேலைநேரம் வேறு எனப் பிரிக்காது, சட்டி பானைகளின் ஓசைக்கு நடுவிலும் இறைவன் தம்முடன் இருக்கின்றார் என்ற உணர்வோடு ஒவ்வொரு வேலையையும் செய்ய அவர் பழகிக்கொண்டார். 1691இல் அவர் மறைந்தபின் தொகுக்கப்பட்ட அவரது உரையாடல்களும் கடிதங்களும் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

எமது மண்ணிலும் இத்தகைய வாழ்வுக்குச் சான்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த 1687இல், கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் புனித யோசப்வாஸ் அடிகளார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மதபேதமின்றி அவர் பராமரித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். சுமை ஏதுமின்றி நடந்தவராகையாலேயே, பிறர் அஞ்சி விலகிய வாசல்களுக்குள் அவரால் செல்ல முடிந்தது எனலாம்.

இன்றோ, பிள்ளையின் முதல்நன்மை வைபவத்தையும் திருமணத்தையும் கடன்பட்டேனும் ஆடம்பரமாக நடத்த வேண்டுமென்ற நிர்ப்பந்தம் பல குடும்பங்களை வாட்டுகின்றது. வசதி படைத்தவர் தொடக்கிவைக்கும் பகட்டு, வசதியற்றவரின் கழுத்தில் கடனாக இறங்குகின்றது. ஆகவே எளிமையை முதலில் கைக்கொள்ள வேண்டியவர்கள் இருப்பவர்களே. உணவருந்தும் வேளையில் கைத்தொலைபேசியை அப்பால் வைத்து வீட்டாரோடு பேசுவதும், ஒரு பொருளை வாங்குமுன் அதன் தேவையைச் சிந்திப்பதும், விருந்தின் செலவில் ஒரு பங்கை அயல்வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு ஒதுக்குவதும் எவராலும் ஆகக்கூடிய காரியங்களே.

நாம் குறைத்துக்கொண்டது எவருடைய கலத்தில் போய்ச் சேர்ந்தது என்ற வினாவுக்கு விடை கூற முடியுமாயின், அதுவே உண்மையான எளிமையாகும்.