கருப்பட்டி எடுபடாத நாக்கு

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கப் பல வழி உண்டு. உரைகல்லில் இழைத்ததைத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். கஷாயம் குடித்த கையோடு வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைப் போடுவார்கள். சூரணம் என்றால் தேன். இது வெறும் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இது பாடமாகவே இருக்கிறது. தேன், நெய், பால், வெந்நீர், இஞ்சிச் சாறு என்று எந்த மருந்துக்கு எது அனுபானம், அதாவது சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருள், எனத் தெரியாமல் சித்த வைத்தியம் பார்க்க முடியாது.

அதே வீட்டில் பூனைக்கு முடியாமல் போனால், கை தானாகத் தேன் பாட்டிலைத்தான் தேடுகிறது. “மாத்திரையைப் பொடிச்சு, கொஞ்சம் சீனி போட்டுப் பாலில் கலந்து வைங்க மதினி, குடிச்சிரும்” என்று அடுத்த வீட்டிலிருந்தும் யோசனை வரும். பூனை கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை உதறிக்கொண்டு போய்விடும். பிடித்து வாயில் ஊற்றினால் நுரை நுரையாக எச்சில் வடியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து, பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த நுரைக்குக் காரணம் கசப்புதான். வாயில் பட்ட கசப்பைக் கழுவித் தள்ளப் பூனையின் உடம்பு எச்சிலைச் சுரக்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் பாதியில் நின்ற மருந்தால் நோய் முழுசாகக் குணமாகாது.

சீனி ஏன் எடுபடவில்லை என்பதற்கு 2005-இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் பூனையின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். இனிப்பை உணரும் ஏற்பி உருவாக இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனைக்கு அவற்றில் ஒன்று பழுது. அதில் 247 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டே காணாமல் போயிருந்தது. பூனைக்கு இனிப்பு பிடிக்கவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. இனிப்பு என்ற சுவையே அதன் நாக்குக்குத் தெரியாது. அல்வாவை ஒரு பூனை நக்கினால், அதை இழுத்தது நெய்யாகத்தான் இருக்க வேண்டும். அதே ஆய்வில் புலியையும் சிவிங்கிப்புலியையும் பார்த்தபோது அவற்றிலும் அதே பழுது இருந்தது. தாமிரபரணி பிறக்கும் மலையில், 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காட்டில் திரியும் புலிக்கும், மேலப்பாளையத்து மாடியில் படுத்திருக்கும் பூனைக்கும் இந்த விஷயத்தில் ஒரே நாக்கு.

மாமிசம் மட்டுமே தின்று வாழும் பிராணிக்குப் பழத்தின் இனிப்பு தேவைப்படவில்லை. கசப்பு மட்டும் நன்றாகத் தெரிகிறது. மனித நாக்கில் ஆயிரக்கணக்கான சுவை மொட்டுகள் இருக்க, பூனைக்குச் சுமார் 470தான். ஆனாலும் வேலை செய்யும் கசப்பு ஏற்பிகள் அதற்குக் குறைந்தது ஏழு உண்டு என்று 2015-இல் தெரியவந்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் இரண்டும் கடுங்கசப்பு. அவற்றைப் பொடிக்கும்போது அந்தக் கசப்பு நாக்கு முழுக்கப் பரவுகிறது. பொடிக்காமல் முழுசாக விழுங்க வைத்தால் நாக்கில் படுவது குறையும். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. குடலில் போய்க் கரைய வேண்டும் என்று மேலே பூச்சுப் பூசியவற்றைப் பொடித்தால் மருந்தே வீணாகும்.

அப்படியானால் பூனையின் நாக்கு எதற்கு இளகும்? 2023-இல் இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிலையத்தினர் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார்கள். பூனைக்கு இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி முழுசாக இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஐனோசினேட் என்ற பொருளும் சேர்ந்து வரும்போது அது மிகவும் விரும்புகிறது. இரண்டும் நிறைய இருப்பது சூரை மீனில். தூத்துக்குடிச் சந்தையில் சூரையை அறியாதவர் இல்லை. அதை அவித்து, புகையூட்டி, கல்லாகக் காயவைத்தால் மாசி. பூனைக்கு மருந்து கொடுப்பவருக்கு மாசித்தூளைப் போல உதவும் சரக்கு தெற்கத்திச் சமையலறையில் வேறு கிடைப்பது அரிது. ஒரு சிட்டிகை போதும். உப்பேறிய கருவாட்டை அந்த அளவுக்கு நம்ப முடியாது. அதைக் கழுவி ஊறவைத்தால்கூட உப்பு மிஞ்சியிருக்கும்.

உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய சாளை, நெத்திலி, கோழி ஈரல் ஆகியவையும் நன்றாக உதவும். அவித்ததும் ஆறவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீனுக்கு வாசனை எழும்பாது. பூனை முதலில் சாப்பிடுவது மூக்கால். சளி பிடித்து மூக்கடைத்த பூனை எதையும் தொடாமல் கிடப்பது அதனால்தான். அப்போது மூக்கை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துவிடுவதே முதல் வேலை. பச்சை மீன் வேண்டாம். சில வகைப் பச்சை மீன்களில் தயமின் என்ற வைட்டமினைச் சிதைக்கும் பொருள் இருக்கிறது.

கொடுக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்தை ஒரு தட்டுச் சாப்பாட்டில் கலந்துவிட்டால், பூனை பாதி தின்றதா முக்கால் தின்றதா என்று தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றிருக்கிறது. சாப்பாட்டில் கசப்பு இருந்ததை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், மறுநாள் மருந்தில்லாத சாப்பாட்டையும் அது சந்தேகப்படும். அதனால் சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை பிடிக்க வேண்டும். முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் மீன். முதலாவதை ஆசையாகத் தின்று முடிக்கும்போதே அடுத்தடுத்து நீட்டினால், மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமலே விழுங்கிவிடும். இதைப் பசி நேரத்தில் செய்ய வேண்டும். ஆனால் மருந்து இறங்கட்டும் என்று நாள் கணக்கில் பட்டினி போடுவது ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே மோசமாகலாம்.

உணவில் மறைத்தும் பலிக்காதபோது வாயில் போடத்தான் வேண்டும். பழைய துண்டில் உடம்பைச் சுற்றி, தலையை மேலிருந்து கன்ன எலும்போடு சேர்த்துப் பிடித்து, மூக்கு மேல்நோக்கும்படி சற்றுச் சாய்த்தால் கீழ்த்தாடை தளரும். மாத்திரைமேல் துளி நெய் தடவி நாக்கின் பின்பகுதியில் போட வேண்டும். அதோடு விட்டுவிடக் கூடாது, ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெதுவாக இறக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அப்படித் தங்கி, குழாய் புண்ணாகி, ஆறும்போது சுருங்கிப்போன பூனைகள் உண்டு. பிறகு அவற்றால் உணவையே விழுங்க முடியாது. இந்த மருந்தைப் பாலோடு கொடுப்பதும் தவறு. பாலிலுள்ள கால்சியம் மருந்து உடம்பில் ஏறுவதைக் குறைத்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது.

மீன் என்றதும் மீன்குழம்பு நினைவுக்கு வரும். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். நெல்லைக் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் பூனைக்கு விஷம், வெந்தாலும் அந்த விஷம் போகாது. பூனையின் ரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் எளிதில் சிதையும் வகை. வெங்காயத்திலுள்ள கந்தகப் பொருள்கள் அதைத் தாக்கி, அணுக்களை உடைத்து, ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். மாத்திரையைக் குழம்புச் சோற்றில் பிசைந்து வைப்பவர் ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொன்றை உண்டாக்குகிறார்.

இதைவிடக் கொடிய தவறு, ருசியாக இருக்கிறதே என்று குழந்தையின் காய்ச்சல் சிரப்பைக் கொடுப்பது. அதிலுள்ள பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு சிறு துண்டே விஷம், முழு மாத்திரை உயிரை எடுத்துவிடும். முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பாக மாறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிமருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் பலன்.

பூனையை ஈர்க்கும் வாசனை ஒன்று தாமிரபரணிக் கரையெங்கும் மண்டிக் கிடக்கிறது. அது குப்பைமேனி. பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து முகர்ந்து, மேலே விழுந்து புரளும். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதன் வேரிலிருந்து பூனையை இழுக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். மேலைநாட்டவர் பூனைக்குக் கொடுக்கும் கேட்னிப் செடியில் இருப்பதற்கு அவை நெருங்கிய உறவு. இவ்வளவு நல்ல சேதி கேட்டதும் இலையை அரைத்து மருந்தில் கலக்கத் தோன்றும். கலக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனி சேர்ந்த மூலிகைக் கஞ்சி குடித்து, சிவப்பணு உடைந்து மருத்துவமனைக்கு வந்ததை 1990-களில் இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூனையின் சிவப்பணுவும் எளிதில் உடைவதுதான். வேரை முகர்ந்து பூனை மகிழட்டும், வயிற்றுக்குள் போக வேண்டாம்.

மருந்துத் தயாரிப்பாளர்களும் பூனையின் நாக்கை மதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பூனைகளைக் கொன்றுகொண்டிருந்த எஃப்ஐபி என்ற வைரஸ் நோய்க்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்து பலன் தருவதை 2019-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு காட்டியது. வழக்கமான சிகிச்சை 84 நாள். ஒரு நாளும் தவறக் கூடாத மருந்தைப் பூனை துப்பிவிட்டால் என்ன செய்வது? 2024 ஜூனில் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய மாத்திரையைச் சூரை மீன் சுவையில் செய்தார்கள். 2018-இல் அங்கே அனுமதி பெற்ற, எடை குறைந்த பூனைகளுக்கான ஒரு மருந்தோ வாய்ப்பக்கமே போகாது. காது மடலின் உட்புறத்தில் தடவினால் தோல் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் இந்த வசதியெல்லாம் எளிதில் கிடைக்காது. ஆனால் மாற்று வழி கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. ராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியானாலும், ஊர்க் கால்நடை மருந்தகமானாலும், சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்ப வேண்டியதில்லை. இந்த மாத்திரையைப் பொடிக்கலாமா, உணவோடு கொடுக்கலாமா, கசப்பு தெரியாமல் காலி கேப்ஸ்யூலில் அடைக்கலாமா, இதே மருந்து ஊசியாகவோ கழுத்தில் விடும் சொட்டாகவோ உண்டா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். இரண்டு வாரம் வரை வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசிகள் இருக்கின்றன. குடற்புழுவுக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகளும் உண்டு. எல்லா நோய்க்கும் அவை பொருந்தாது, விலையும் கூடுதல். ஆனாலும் கையில் கீறல் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாளில் மருந்தை நிறுத்துவதைவிட மேல். போகும்போது பூனையின் எடையையும், அது வழக்கமாக என்ன தின்கிறது என்பதையும், பிடித்தால் அடங்குமா அடங்காதா என்பதையும் மறைக்காமல் சொன்னால், அதற்குத் தகுந்த மருந்தை எழுதுவது மருத்துவருக்கும் சுலபம்.