வயிற்றில் பை... கல்யாணத்துக்குப் போகலாமா?

குடல் புற்றுநோய் போன்ற காரணங்களால் ‘ஸ்டோமா’ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, கழிவு வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் சேரும். உடம்பு தேறி வேலைக்குப் போகிறவர்கள்கூட கல்யாணம், காதுகுத்து என்றால் தயங்குகிறார்கள். ‘பை தெரியுமோ, வாடை வருமோ’ என்ற பயம்தான்!

சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வெளியே வராது. நிரம்பிய பைதான் புடைக்கும், கசியும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிடுங்கள்.

உடை: பாவாடை நாடா, வேட்டி முடிச்சு, பெல்ட் எதுவும் ஸ்டோமாவை அழுத்தக் கூடாது. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். பூப்போட்ட புடவை, தளர்வான சட்டையில் பை இருப்பதே தெரியாது.

பந்தி: வாயுவுக்குப் பயந்து பட்டினி கிடக்காதீர்கள். வெறும் வயிற்றில்தான் வாயு கூடும். அன்று முட்டைக்கோஸ், வெங்காயம், சோடாவைக் குறையுங்கள். சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவர்கள் தேங்காய், காளானைக் குறைத்து, நன்றாக மென்று சாப்பிட வேண்டும்.

கைப்பை: மாற்றுப் பை, டிஷ்யூ, குப்பைக் கவர், ஒரு மாற்று உடை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

யாராவது விசாரித்தால், ‘வயித்துல ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா இருக்கேன்’ என்றால் போதும். மேற்கொண்டு சொல்வது உங்கள் விருப்பம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை... ‘நீங்க வீட்லயே ரெஸ்ட் எடுங்க’ என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூடவே அழைத்துப் போங்கள்!