திருவருட்பா முதற்பதிப்பும் பதிப்பாசிரியர் பங்கும்

முதல் நூலை அச்சேற்றுவது எங்ஙனம் என்பது, சடையங்குப்பம் போன்ற வடசென்னை ஊர்களிலிருந்து இன்று எழுதப் புகும் இளைஞர்க்கும் உரிய வினா. அதனை ஆராய்தற்குத் தக்கதோர் இலக்கிய வரலாற்றுச் சான்று, அவ்வூர்க்கு அணித்தாகிய திருவொற்றியூரைச் சார்ந்தே உள்ளது.

இராமலிங்க அடிகள் (1823–1874) சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த காலத்தில் ஒற்றியூர் சென்று வழிபட்டுப் பாடிய பாடல்கள் மிகப் பல. வடிவுடை மாணிக்கமாலை அவற்றுள் ஒன்று. அச்சுத்தொழில் அவர் அறியாததன்று. 1851-இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். எனினும் தம் பாடல்களைத் தொகுத்து வெளியிட அவர் விழைந்தாரல்லர். அவ்விழைவு அன்பர்களுடையது. இறுக்கம் இரத்தின முதலியார் பாடல்களைத் தமக்கு அனுப்புமாறு பன்முறை வேண்டியும் வாராமையின், அவை வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென நோன்பு பூண்டார். அச்செய்தி கேட்டு வருந்திய அடிகள், நோன்பை விடுமாறும் பாடல்களை அனுப்புவதாகவும் 1860-இல் மடல் விடுத்தார். நூல் வெளிவந்ததோ 1867-இல். ஏழாண்டு! பதிப்பகத்தார் விடைக்கு ஏழு திங்கள் காத்திருந்து சோர்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பதிப்பாசிரியர் தொழுவூர் வேலாயுத முதலியார், அடிகளின் முதன் மாணாக்கர். பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவர் அவர். ‘திருவருட்பா’ எனப் பெயரிட்டவரும் அவரே. பதிப்பு வரலாற்றைச் செய்யுளாகவும் பாடி வைத்தார். இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகும் என அடிகள் மறுத்திருந்தார். ஆயினும் முகப்பேட்டில் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் அதனினும் பெரிய பெயர் ஏறியது. அதன் விளைவு சிறிதன்று. அருட்பா என்னும் பெயர் தேவாரம் முதலிய திருமுறைகட்கே உரியதெனக் கொண்ட ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து, 1869-இல் போலியருட்பா மறுப்பு எழுந்தது. நூலாசிரியர் இடாத பெயருக்கு நூலாசிரியரே வசை ஏற்றார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1867-இல் வந்தவை முதல் நான்கு திருமுறைகளே. ஐந்தாவது 1880-இலும், ஆறாவது வேறு அன்பர்களால் 1885-இலும் வெளிவந்தன. இரண்டும் அடிகள் மறைவுக்குப் பின்னவை. சமய நெறிகளைக் கடந்த அவர்தம் பிற்காலக் கருத்துகள் ஆறாம் திருமுறையிலேயே செறிந்துள்ளன. ஆதலின் முதற்பதிப்பை மட்டும் கண்டோர் ஒரு சைவ அடியாரையே கண்டனர். இவ்வைப்புமுறையை மாற்றி, ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரு புத்தகங்களாகவும், ஊரன் அடிகள் 1972-இல் கால முறைப்படியும் பதிப்பித்தனர். அடிகளின் கருத்து வளர்ச்சியை ஆராய்வோர் பழைய திருமுறை எண்ணைக் காலவரிசையாகக் கொள்ளுதல் பிழையாம்.

இன்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு தம் புகழுக்கு ஊறாகத் திரிக்கப்படின் தடுக்கும் உரிமையை ஆசிரியர்க்கு வழங்குகின்றது. ஆனால் தலைப்பு, வைப்புமுறை, பின்னட்டைப் புகழுரை ஆகியவற்றால் நேரும் மாற்றமெல்லாம் திரிபாகக் கொள்ளப்படும் என்பதற்கு உறுதியில்லை. அவற்றை அச்சுக்குமுன் எழுத்து வடிவ உடன்படிக்கையில் வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும்.