உயரமான பெண்களைத் தேடிப் போன பயிற்சியாளர்

வீட்டில் பெண் குழந்தை மளமளவென்று வளர்ந்தால் பெற்றோருக்குக் கவலை வந்துவிடுகிறது. "இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது?" என்று அக்கம் பக்கத்தாரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால், அப்படிப்பட்ட பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரித்து, அழைத்து வந்து, சோறு போட்டு, வீராங்கனை ஆக்கிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராஜேஷ் படேல். ஊர், சத்தீஷ்கர் மாநிலத்தில் உள்ள பிலாய்.

மும்பையிலிருந்து நாக்பூர் வழியாக ஹவுரா மெயிலில் போனவர்களுக்கு துர்க் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். அதை அடுத்துள்ளது பிலாய். சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த உருக்காலை 1959-ம் ஆண்டு அங்கே இரும்பு உருக்கத் தொடங்கியது. பல மாநிலத்தவரும் பிழைப்புத் தேடிப் போய்க் குடியேறிய ஊர் அது. அந்த உருக்காலையின் விளையாட்டுத் துறையில் பணியாற்றிய படேல், பந்த் ஸ்டேடியத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்து கற்றுக் கொடுத்தார்.

தேடுவதே பாதி வேலை

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. பந்தைத் தட்டிக் கொண்டு ஓடுவது, கைமாற்றுவது, குறி பார்த்துப் போடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தால் வரும். உயரம் சொல்லிக் கொடுத்து வராது. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? அந்தப் பெண்ணின் தாய் தந்தை சம்மதிக்க வேண்டும். "வயது வந்த பெண்ணை வெளியூருக்கு எப்படி அனுப்புவது? எங்கே தங்குவாள்? சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது? அரை நிஜார் போட்டுக் கொண்டு ஆடினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர், எவ்வளவு பெரிய பயிற்சியாளரானாலும், காலி மைதானத்தில்தான் நிற்க வேண்டும்.

படேல் இதற்குப் பேச்சால் பதில் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஏழைப் பெண்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சாப்பாடு போட்டார். அவரிடம் பயின்ற பெண்களில் ஆதிவாசிக் குடும்பத்தினரும் உண்டு. அன்றாடக் கூலி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சீமா சிங், அஞ்சு லக்ரா, பாரதி நேதம் ஆகியோர் அங்கிருந்து இந்திய அணி வரை போனார்கள். கான்பூரைச் சேர்ந்த பூனம் சதுர்வேதியின் உயரம் ஏறக்குறைய 6 அடி 11 அங்குலம். அவரையும் பிலாய்க்கு வரவழைத்து ஆட வைத்தார். பூனமும் இந்திய அணிக்கு ஆடினார்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தத் தேடல் ஒரு தனி உத்தியோகமாகவே இருக்கிறது. பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு உதவிப் பயிற்சியாளர்கள் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களைப் போய்ப் பார்ப்பது, நல்ல ஆட்டக்காரியைக் குறித்து வைப்பது, டெலிபோனில் பேசுவது, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திப்பது, "படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு" என்று சொல்லி அழைத்து வருவது ஆகியவற்றில் பெரும் பகுதி அவர்கள் தலையில்தான். எந்தக் காலத்தில் சந்திக்கலாம், எப்போது கூடாது என்பதற்குக் கூட விதிமுறை உண்டு.

இது பெண்களுக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்று அங்கே 1972-ம் ஆண்டு சட்டம் வந்தது. அதன் பிறகே பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் உதவித் தொகையும் பெருகின.

பிலாயில் ஆடிய கவிதா அகுலா என்ற பெண், 2010-ம் ஆண்டு தேர்வு செய்யப்பட்டு, புளோரிடாவில் உள்ள விளையாட்டுப் பள்ளிக்குப் போனார். பிறகு அரிசோனா மாநிலத்து கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித் தொகை கொடுத்து அணியில் சேர்த்துக் கொண்டது. அங்கே ஒரு கல்லூரியே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலையை, இங்கே படேல் தம் வீட்டு அடுப்பை வைத்துச் செய்தார்.

வேலை என்னும் சாவி

பெற்றோரின் மனக் கதவைத் திறக்கும் சாவி பதக்கம் அல்ல, வேலைதான். நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு அதிக வேலை கொடுத்திருப்பது ரெயில்வே. ரெயில்வேயில் சேர்ந்தவர்கள் தேசியப் போட்டியில் ரெயில்வே அணிக்கே போய்விடுவது வழக்கம். வளர்த்த மாநிலத்துக்கு அது நஷ்டம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மாதச் சம்பளம். பதக்கத்தை மட்டும் எண்ணுகிறவர் தம் மாணவிக்கு அந்த வழியைக் காட்ட மனம் ஒப்ப மாட்டார்.

நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரையும் ரெயில்வே ஊழியர்தான். சென்னையில் தடகளம், கைப்பந்து என்று இருந்தவரை, 11 வயதில் பயிற்சியாளர் சம்பத் கூடைப்பந்துக்கு அழைத்து வந்தார். தெற்கு ரெயில்வேயில் சேர்ந்த அனிதா, இந்திய அணியின் கேப்டனாகவும் ஆனார். குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சம்பத் கண்ணில் அன்று அவர் படாமல் போயிருந்தால்?

மும்பையில்...

மும்பைக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல. நாக்பாடாவில் ஏழை வீட்டுப் பையன்களைப் பிடித்து வந்து ஆட்டக்காரர்கள் ஆக்கிய பச்சு கானின் பெயரில் மைதானமே இருக்கிறது. மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானா இருக்கிறது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் நடந்து போகும் தூரம் என்பதற்காக ஒரு பெண் தானாகப் போய்ச் சேர்ந்துவிட மாட்டாள். யாராவது வந்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அல்லது பெற்றோரே கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

ஒன்றைப் பெற்றோர் மறக்கக் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரெயில்வே ஆள் எடுக்கும்போது கல்வித் தகுதி, வயது, போட்டிகளில் காட்டிய திறமை மூன்றையும் பார்க்கிறார்கள். களத்தில் ஆடிக் காட்டவும் வேண்டும். ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஆட்டம் என்பது நடவாது. 14 வயதில் "இனி போதும்" என்று பெண்ணை நிறுத்திவிட்டால், 20 வயதில் விண்ணப்பம் போட அவளிடம் ஒன்றும் இருக்காது.

ராஜேஷ் படேல் 2018-ம் ஆண்டு லூதியானாவில் மாரடைப்பால் காலமானார். தேசியப் போட்டிகளில் அவர் அணிகள் பெற்ற பதக்கங்கள் நூறைத் தாண்டும் என்பார்கள். ஆனால் ஒரே மனிதரின் வீட்டையும் உழைப்பையும் நம்பி நடந்த காரியம், அவர் போன பிறகு அதே வேகத்தில் நடப்பது கடினம். அமெரிக்கக் கல்லூரியில் ஓர் உதவிப் பயிற்சியாளர் போனால் அடுத்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேடலைத் தொடர்கிறார். நம் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் அப்படி ஒரு நாற்காலி போடப்பட்டால், தாராவியிலும் செம்பூரிலும் உயரமாக வளரும் பெண்களின் வீட்டுக் கதவை யாராவது வந்து தட்டுவார்கள்.