மலையிலிருந்தும் வயற்கரையிலிருந்தும் வந்த பிள்ளைகள்

பங்களாதேஷின் வடக்கே, இந்திய எல்லையை அண்டிய மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்றொரு கிராமம் உண்டு. நெல்வயலும் கூலி வேலையுமே அங்குள்ளவர்களின் சீவியம். அந்தக் கிராமத்தின் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகள் பந்தடிக்கத் தொடங்கியபோது அவர்களிடம் சப்பாத்துக்கூட இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்நாட்டின் வயதுக்குட்பட்ட பெண்கள் தேசிய அணியில் பாதிக்கு அண்மித்தோர் இந்த ஒரே ஊர்ப் பிள்ளைகளாக இருந்தார்கள்.

இதற்கு வழி திறந்தது 2011இல் அரசு தொடங்கிய ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கான உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி. நாடெங்குமுள்ள பாடசாலைகள் கலந்துகொள்ள வேண்டியிருந்ததால், ஊர்ப் பெரியவர்கள் முகஞ்சுளித்தாலும் ஆசிரியர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. "அரசாங்கப் போட்டி, பாடசாலை போகத்தான் வேண்டும்" என்றால் அதற்கு மேல் யார் என்ன சொல்வது? பதினெட்டு வயதுக்கு முன்னரே பாதிப் பெண்களுக்குத் திருமணம் முடிந்துவிடுகின்ற நாடு அது. காற்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடும் மகளை யார் கட்டுவார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. விட்டுக்கொடுத்த பெற்றோரில் பலர் வறியவர்கள். மரியா மாண்டா என்ற காரோ இனச் சிறுமியின் தந்தை இறந்துவிட, தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த மரியாதான் பின்னாளில் வயதுக்குட்பட்ட அணியின் தலைவியானார்.

முதற் பெரிய வெற்றி நேபாளத்தில் கிடைத்தது. 14 வயதுக்குட்பட்டோர் பிராந்தியப் போட்டியின் இறுதியாட்டம் 2015 ஏப்ரலில் நடக்கவிருந்தது. அந்த நேரத்தில்தான் பாரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டு, டிசம்பரில் திரும்பிச் சென்று நேபாளத்தை வென்று வந்தார்கள். அடுத்த ஆண்டு தஜிகிஸ்தானிலும் வென்றார்கள். 2016இல் டாக்காவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியத் தகுதிகாண் போட்டியில் ஈரான், சிங்கப்பூர், தாய்வான் உட்பட எல்லோரையும் தோற்கடித்தார்கள்.

அந்த வெற்றிக்குப் பின் நடந்ததை மறக்கக் கூடாது. நாட்டின் பெயரை உயர்த்திய கல்சிந்தூர்ச் சிறுமிகளை, துணைக்கு ஆளின்றி, சாதாரண பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் ஆண் பயணிகள் தொல்லை கொடுத்தார்கள், அசிங்கமாகப் பேசினார்கள். செய்தி வெளிவந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது. மைதானத்தில் கைதட்டும் சமூகமும் பஸ்ஸில் தொல்லை தருகின்ற சமூகமும் ஒன்றுதான் என்பது, தனியே பிரயாணம் செய்யும் எங்கள் சகோதரிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கிராமத்துக்கு மின்சாரம் வந்ததும் இந்தப் பிள்ளைகளால்தான். ஆண்களின் எத்தனை மனுக்களுக்கும் வராத மின்கம்பம், பிள்ளைகள் கேட்டதும் வந்து சேர்ந்தது!

அணியின் அடுத்த ஊற்று தென்கிழக்கே, சிட்டகாங் மலைப்பிரதேசம். சக்மா, மர்மா முதலிய மலைவாழ் மக்களின் மண் அது. 1960களில் கப்தாய் அணைக்கட்டு ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரை இடம்பெயர வைத்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆயுதப் போர். ஆயிரக்கணக்கானோர் திரிபுரா அகதி முகாம்களில் வாழ்ந்தார்கள். 1997 டிசம்பர் 2இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆனாலும் காணிப் பிரச்சினையும் இராணுவ முகாம்களும் அதோடு முடிந்துவிடவில்லை. ஒப்பந்தத்துக்குப் பின்னர் பிறந்த பெண் குழந்தைகளை ராங்கமாட்டியின் காக்ரா பாடசாலையைச் சூழ்ந்த ஆசிரியர்கள் ஊரூராகத் தேடிச் சேர்த்துப் பயிற்றினார்கள். ஆனை மோகினி, அனுச்சிங் மோகினி என்ற மர்மா இரட்டைச் சகோதரிகள், மனிகா சக்மா, ரிதுபர்ணா சக்மா, பந்துகாப்பாளர் ரூப்னா சக்மா எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். ரூப்னா பிறக்கும் முன்னரே தந்தை இறந்துவிட்டார், வளர்த்தெடுத்தது தாய்.

பெரும்பான்மை இனத்தவரோடு ஒரே விடுதியில் தங்கி, ஒரே சீருடையில், ஒரே தேசிய கீதத்துக்கு நிற்பது இந்தப் பிள்ளைகளுக்கு இலேசாக இருந்திருக்குமா? பந்தை வலைக்குள் அடிப்பதால் மலையில் காணி திரும்பக் கிடைத்துவிடாது. ஆயினும் ராங்கமாட்டி என்றாலே கலவரம் என்று நினைத்த டாக்கா மக்கள், அந்த ஊர்ப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஆரவாரிக்கிறார்கள். இதனைச் சிறிய மாற்றம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

தெற்காசிய வெற்றிகள் தொடர்ந்தன. 2017இல் 15 வயதுக்குட்பட்டோர் கிண்ணம். 2018இல் 18 வயதுக்குட்பட்டோர் கிண்ணம். அதில் பாகிஸ்தானுக்கு எதிராக 17 கோல்கள்! 2021 டிசம்பரில் 19 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர் ஆனை மோகினி. அந்தத் தொடரில் எமது இலங்கைப் பிள்ளைகள் அவர்களிடம் 12 கோல்கள் வாங்கித் தோற்றார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் தங்கிப் பயிலும் முகாம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது இருக்கவில்லை.

ஆசிய மட்டத்தில் அவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள். 2017இல் தாய்லாந்தில் வடகொரியா 9 கோல்கள் போட்டது. 2019இல் ஜப்பானும் 9 போட்டது. ஆனால் அதே தொடரில் அவுஸ்திரேலியாவோடு 2-2 எனச் சமநிலை கண்டார்கள்.

2024 பெப்ரவரி 8இல் டாக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தைப் போல ஒன்றை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். தோல்வியின் விளிம்பில், மேலதிக நிமிடங்களில், சாகரிகா என்ற சிறுமி இந்தியாவுக்கு எதிராக 1-1 என ஆட்டத்தைச் சமப்படுத்தினார். பின்னர் பனால்டி உதைகள். இரு பக்கமும் பதினொரு பேரும், பந்துகாப்பாளர்கள் உட்பட, கோல் போட்டுவிட்டார்கள். இலங்கையரான போட்டி ஆணையாளர் நாணயத்தைச் சுண்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கச் சொல்ல, இந்தியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்படியொரு விதி இல்லையென்று பங்களாதேஷ் பிள்ளைகள் மைதானத்தை விட்டு அசைய மறுத்தார்கள். நீண்ட இழுபறியின் பின் தீர்ப்பு மீளப்பெறப்பட்டு, இரு அணிகளும் கூட்டுச் சம்பியன்கள் ஆயின. சாகரிகாவின் தந்தை வடமேற்கே தாக்குர்காவோன் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். மகள் விளையாடுவதை முதலில் விரும்பாதவர். 2025 ஜூலையில் 20 வயதுக்குட்பட்டோர் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் நேபாளத்துக்கு எதிரான நான்கு கோல்களையும் அடித்தவர் இந்த மகள்தான். அடுத்த மாதமே லாவோசில் நடந்த தகுதிகாண் போட்டியின் ஊடாக அந்த அணி முதன்முறையாக 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்துக்குத் தெரிவானது.

கிண்ணங்கள் வந்தளவுக்குக் காசு வரவில்லை. 2023இல் பணமில்லை என்று சொல்லி, ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு மூத்த அணியை மியன்மாருக்கு அனுப்பவேயில்லை. 2025 ஜனவரியில் ஜோய்ப்பூர்ஹாட்டில் பெண்கள் போட்டியை எதிர்த்தோர் மைதான வேலியை உடைத்தார்கள். ஐந்து மாதங்களின் பின், மியன்மாரிலேயே ரிதுபர்ணா அடித்த இரண்டு கோல்களால் மூத்த அணி முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

2022இல் மூத்த அணி தெற்காசியக் கிண்ணத்தை வென்று, ரூப்னா சிறந்த பந்துகாப்பாளராகத் தெரிவானபோது, மலையில் அவருடைய தாய் வாழ்ந்த இடிந்த குடிசையின் படம் நாடெங்கும் பரவியது. அப்போதைய பிரதமர் வீடு கட்டிக்கொடுக்கப் பணித்தார். தாயைப் பற்றி அதுவரை கேட்க யாரும் இருக்கவில்லை.