ஏலக் கூடத்துக் காற்று

ஏலக்காய் வியாபாரிகள் போடிநாயக்கனூரிலிருந்தும் கேரளத்தின் புத்தடியிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்க வழிசெய்யும் இணையவழி ஏலத்தை, ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருட்கள் வாரியம் 2021 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. கொரோனாக் காலத்து ஏற்பாடான இது, கூட்டத்தை இரண்டாகப் பிரித்ததன் மூலம் ஒரு கூடத்தில் மூச்சுவிடுவோரின் எண்ணிக்கையைக் குறைத்தது. எனினும் எஞ்சியோர் சுவாசிக்கும் காற்று எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது தனிக் கேள்வி.

பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் பெரிய துளிகள் விரைவில் தரையில் விழுந்துவிட, தூசியைவிட நுண்ணிய ஏரோசால் என்னும் துகள்கள் காற்றிலேயே மிதக்கின்றன. அசையாத காற்றில் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே படிய ஏறக்குறைய அரைமணி நேரமும், 1 மைக்ரோமீட்டர் துகள் படிய பன்னிரண்டு மணி நேரமும் ஆகும். ஹைதராபாத்தின் சிசிஎம்பி, சண்டிகரின் ஐஎம்டெக் ஆய்வகங்கள் மருத்துவமனை அறைகளின் காற்றைச் சோதித்தபோது, நோயாளிகள் கூடுதலாக இருந்த அறைகளிலேயே வைரசின் மரபுப்பொருள் அதிகமாகத் தென்பட்டது.

ஆகவே இடைவெளி விட்டு அமர்வது மட்டும் போதாது. காற்று மாற வேண்டும். மருத்துவமனை அல்லாத கட்டடங்களில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கிடைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மணிக்கு ஆறு முறை காற்று மாறும் அறையில், நோயாளி வெளியேறிய அரைமணி நேரத்தில் மிதக்கும் துகள்களில் 95 விழுக்காடு நீங்கிவிடும். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசியோ அறைக்காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக் குளிர்விக்கிறதேயன்றி, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

வெளியில் ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, இருக்கும் கரியமில வாயு, ஆட்கள் நிறைந்த அறையில் ஆயிரத்தைத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சைப் பிறர் மிகுதியாக இழுக்கின்றனர் என்று கொள்ளலாம். இதை அளக்கும் சிறு கருவியை ஏலக் கூடத்திலும் வகுப்பறையிலும் மாட்டி வைத்தால், சன்னலைத் திறக்க வேண்டிய நேரத்தை அதுவே காட்டும்.

ராசிங்காபுரம் போன்ற அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புக்குக் கருவி எதுவும் தேவையில்லை. மழைக்குப் படுதாவை இறக்கும்போது இருபுறமும் ஒரு சாண் இடைவெளி விட்டால், ஓடும் வண்டியின் வேகமே உள்காற்றை வெளியேற்றும். மழைச்சாரலும் மலைக்குளிரும் தாங்க முடியாத நாளில் மூக்கையும் வாயையும் இறுக மூடும் என்95 முகக்கவசமே அடுத்த காப்பு; தளர்ந்து தொங்கும் துணி அதற்கு ஈடாகாது.