சிரிக்க வச்சது யாரு? சிந்திக்க வச்சது யாரு?



ஆணாப் பிறந்து மனசாலே பெண்ணா வாழறவங்க, பெண்ணை நேசிக்கிற பெண், ஆணை நேசிக்கிற ஆண், இவங்களை நமக்குப் புரிய வச்சது இலக்கியமா, சினிமாவா? எதிரணி நண்பர் சினிமான்னு சொல்லிட்டுப் போயிட்டார். நான் இலக்கியம்தான்னு அடிச்சுச் சொல்றேன்.

"இதெல்லாம் நேத்து வந்த கூத்து"ன்னு சிலர் சொல்றாங்க. அய்யா, தொல்காப்பியத்தைப் புரட்டிப் பாருங்க! இப்படிப்பட்டவங்களுக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிதான் பொருந்தும்னு அன்னிக்கே எழுதி வச்சிருக்கு. நாம இன்னும் 'அதுங்க'ன்னு அஃறிணையிலே பேசறோமே, எந்த ஊர் இலக்கணம்?

இதோ பக்கத்திலே ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் ஆம்பிளைதானே? யசோதையா மாறி கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடலையா? அது பக்தி, இது வாழ்க்கை. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலே. ஆனா ஒரு ஆம்பிளை மனசு பெண்ணாகிப் பேசறதை இந்த மண்ணு கையெடுத்துக் கும்பிட்டிருக்கு.

நம்ம கரிசக்காட்டு இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் 'கோமதி'ன்னு ஒரு கதை எழுதினார். சமையல்காரர் கோமதி செட்டியார். உடம்பு ஆண், ஆசையெல்லாம் பெண். சிரிச்சுக்கிட்டே படிக்க ஆரம்பிப்போம். முடிக்கும்போது தொண்டையை அடைக்கும். சு.சமுத்திரத்தோட 'வாடாமல்லி' 1994-ல் புத்தகமா வந்துச்சு. இன்ஜினியரிங் படிக்கப் போன சுயம்பு, மேகலையா மாறி வாழற கதை.

2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையைத் தானே 'நான் வித்யா'ன்னு எழுதினாங்க. மொழியியல்லே எம்.ஏ. படிச்சவங்க, ரயில் பெட்டியிலே கை நீட்ட வேண்டி வந்துச்சு! படிப்பு இருந்தது, வேலை கொடுக்க ஆள் இல்லே. அந்தப் புத்தகம் 2015-ல் கன்னடப் படமா வந்து, நடிச்ச சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைச்சது. படத்துக்கு விதை போட்டது யாரு? புத்தகம்!

சினிமா என்ன பண்ணுச்சு? ரொம்பக் காலம் கையைத் தட்டவிட்டு, இடுப்பை ஆட்டவிட்டு, காமெடி பண்ணுச்சு. தியேட்டர்லே பார்த்த பையன் மறுநாள் பள்ளிக்கூடத்திலே இன்னொரு பையனை அதே மாதிரி கேலி பண்ணினான்.

நியாயத்தையும் சொல்லணும். 1995-ல் 'பம்பாய்' படத்திலே, கலவரத்திலே தவிக்கிற குழந்தையைக் காப்பாத்தறது ஒரு திருநங்கை. 2019-ல் 'சூப்பர் டீலக்ஸ்'. வீடே திகைச்சு நிக்கும்போது, பெத்த பிள்ளை மட்டும் ஷில்பாவை அப்பான்னு ஏத்துக்குது. பெண்ணை நேசிக்கிற பெண் விஷயத்திலே எதிரணிக்கு ஒரு மார்க் கூடவே தர்றேன். 2025-ல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை'யிலே, தன் மகள் காதலிக்கிறது ஒரு பெண்ணைன்னு தெரிஞ்சு ஒரு தாய் தவிக்கிறா. ஊருக்கு முற்போக்கு பேசறவளுக்கே, தன் வீட்டுக்கு வந்ததும் நெஞ்சு பதறுது!

அய்யா, மனமொத்த ரெண்டு பேர் நேசிக்கிறது குற்றமில்லேன்னு 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சட்டம் கோர்ட்டு வாசல் வரைக்கும்தான் வரும். நம்ம வீட்டுக்குள்ளே, "அம்மா, நான் இப்படித்தான்"னு நடுங்கிக்கிட்டே ஒரு பிள்ளை சொல்லும்போது, அதைக் கேட்கறதுக்கு அம்மாவும் அப்பாவும்தான் இருப்பாங்க. அப்போ அடிக்கக் கை ஓங்கறவங்க, 'கோமதி'யைப் படிச்சிருந்தா ஒரு நிமிஷம் நிறுத்துவாங்க. அந்த ஒரு நிமிஷத்திலே பிள்ளை வீட்டிலே இருக்கும்; இல்லேன்னா ரயில் ஏறிடும்.

அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கிறது இலக்கியமேன்னு சொல்லி அமர்கிறேன்.